வெள்ளைப் பூவும் முன்சக்கர டிஃபரன்ஷியலும்

அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில், செட்டிபாளையம் கார்ப் பந்தய டிராக்கில், அந்தக் கொண்டை ஊசித் திருப்பத்தில், பக்கத்து வீட்டு சசிதரை முந்தியே தீருவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்தபோது கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தேன். பெரிய முடிவுகளை எல்லாம் நான் படுத்துக்கொண்டுதான் எடுப்பது. நின்றுகொண்டு எடுத்தால் லோகுவின் கண்ணில் பட்டுவிடும்.

லோகு என்பது லோகப்பிரியா. என் மனைவி. தாராபுரத்துக்காரி. என் பெயர் தம்பிதுரை. துரை பெயரில் மட்டும்.

சூலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எனக்கு ஃபிட்டர் வேலை. ராத்திரி ஷிஃப்ட். தற்காலிகம் என்று சொல்லித்தான் போட்டார்கள். மீசை நரைத்துவிட்டது, இன்னும் தற்காலிகம்தான். ஊர் எழுந்து பல் விளக்கும்போது நான் படுப்பேன். ஊர் பாய் விரிக்கும்போது டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். மிஷின் கெட்டுப்போகிற ராத்திரிகளில் எனக்குக் கவலை இல்லை. எல்லா மிஷினும் ஒழுங்காக ஓடுகிற ராத்திரிதான் பொல்லாதது. மனசு தனியாகக் கழன்று சுற்ற ஆரம்பிக்கும். இத்தனை வயசுக்கு என்னத்தைக் கண்டாய், யாரை முந்தினாய் என்று கேட்கும். ஊரே தூங்கும்போது முழித்திருப்பவனுக்கு இரண்டு வழிதான். சித்தராகலாம். இல்லாவிட்டால் வீடியோ பார்த்து மெக்கானிக் ஆகலாம். சித்தராவதற்கு லோகு ஒத்துக்கொள்ளவில்லை.

அப்படித்தான் அந்தப் பழைய எஸ்டீம் கார் வீட்டுக்கு வந்தது. வந்ததும் பின்சீட்டைக் கழற்றினேன். கதவு மெத்தையைக் கழற்றினேன். ஏசியைக் கழற்றினேன். ரேடியோவைக் கழற்றினேன். எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது சாஸ்திரம். பிறகு உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு கட்டினேன். கவிழ்ந்தால் தலை தப்பும்.

“மொதல்ல காரா இருந்துச்சு. இப்பக் கோழிக்கூடா இருக்குது” என்றாள் லோகு.

நான் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டேன். அடியில் புகுந்துகொள்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேர் கொடுத்தவர்கள் சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டிப் பார்க்கலாம். நானும் போவேன். சசிதரும் வருவான். பம்ப்செட் கம்பெனி வைத்திருக்கிறான். என்னைவிடச் சின்னவன். என்னைவிட நன்றாகத் தூங்குகிறவன். அவனிடமும் ஒரு எஸ்டீம். நேர் ரோட்டில் நான் அவன் வாலைப் பிடித்துவிடுவேன். கொண்டை ஊசி வந்ததும் கதை மாறிவிடும்.

விஷயம் இதுதான். வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும், வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாக ஓட வேண்டும். இரண்டையும் சமாதானமாக வைத்திருக்க நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி உண்டு. பெயர் டிஃபரன்ஷியல். என் வண்டி முன்சக்கரத்தில் இழுக்கிற வண்டி. ஆகவே அந்தப் பெட்டியும் முன்னால், கியர்பாக்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நல்ல பெட்டிதான். ஆனால் மேனேஜர் குணம். எந்தச் சக்கரம் வேலை செய்யாமல் சும்மா சுற்றுகிறதோ, அதற்கே எஞ்சின் பலத்தை எல்லாம் அள்ளிக் கொடுக்கும். தரையைக் கவ்விக்கொண்டு உழைக்கத் தயாராக நிற்கிற சக்கரத்தைப் பட்டினி போடும். அந்தத் திருப்பத்தில் என் உள்சக்கரம் ஓரக்கட்டையில் ஏறி, தொட்டும் தொடாமலும் நிற்கும். நான் ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன். அது சுற்றும். புகையும். வண்டி நகராது. அந்த நேரம் பார்த்து சசிதர் பக்கத்தில் வருவான். கையை ஆட்டுவான். போய்விடுவான்.

போன முறை அதோடு விடவில்லை. மறுநாள் காலையில் நான் ஷிஃப்ட் முடிந்து வந்து வண்டியை நிறுத்தும்போது காம்பவுண்டுச் சுவர் மேல் தலையை வைத்துக்கொண்டு நின்றான்.

“ஏனுங்ணா, நேத்து அந்த வளைவுல சாம்பிராணி போட்டீங்களா?”

“இல்லையே தம்பி.”

“ஒரே பொகையா இருந்துச்சுங்ணா. கண்ணாடில பாத்தனா, யாரோ வண்டிக்குள்ளயே பூஜை பண்றாங்கன்னு நெனச்சுட்டேன்.”

சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அப்போது எடுத்ததுதான் மேலே சொன்ன முடிவு.

மருந்தும் எனக்குத் தெரியும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் அளவுக்கு மீறி நழுவினால் அதைப் பிடித்து நிறுத்தி, மற்றதற்கும் பங்கு கொடுக்கும். அதில் இரண்டு ரகம்.

ஒன்று, பல்சக்கர ரகம். உள்ளே சாய்வாக வெட்டிய பற்கள். சத்தம் வராது. லேசில் தேயாது. பிரிக்க வேண்டாம். ஸ்டியரிங்கை அவ்வளவாக இழுக்காது. மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பார்களே, அப்படி. ஒரே குறை. ஒரு சக்கரம் தரையை விட்டுவிட்டால் அதுவும் கையை விரித்துவிடும். ஆத்திர அவசரத்துக்குக் காணாமல் போகிற மாப்பிள்ளை.

இன்னொன்று, தட்டு ரகம். உள்ளே வரிசையாகத் தட்டுகள். ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் விடாது. ஆனால் ஸ்டியரிங்கை வெடுக் வெடுக்கென்று பிடுங்கும். சந்தில் மெதுவாகத் திருப்பினால் கடக், கடக் என்று கத்தும். தட்டு தேயும்; பிரித்து மாற்ற வேண்டும். அடிக்கடி எண்ணெய் மாற்றிச் சீராட்ட வேண்டும். உரசல், பிடுங்கல், சத்தம். ஆனால் எந்த நிலையிலும் கைவிடாது. படிக்கும்போதே எனக்கு மிகவும் தெரிந்த ஒருவரைப் பற்றிப் படிப்பது போல இருந்தது.

திருப்பத்துக்குத் தட்டுதான் சரி. வீட்டுக்குப் பல்சக்கரம்தான் சரி. இதில் எதை எடுப்பது என்று மில்லில் ஒவ்வொரு ராத்திரியும் மண்டையை உடைத்துக்கொண்டேன். வண்டி சாமானை வாங்குகிறவன் வண்டியை நினைத்து வாங்க வேண்டும். நான் வீட்டை நினைத்து வாங்க வேண்டியிருந்தது.

காரணம், வீட்டில் தடை உத்தரவு அமலில் இருந்தது. ஊர்த் திருவிழா நோம்பிக்கு முன்னால் வண்டியில் ஒரு பேரிங் மாட்டினேன். பேரிங்கைச் சூடான எண்ணெயில் போட்டு எடுத்தால்தான் தண்டில் ஏறும். மில்லில் அதற்கென்று தொட்டி இருக்கிறது. வீட்டில் லோகுவின் வடைச்சட்டி இருந்தது. நன்றாகக் கழுவித்தான் வைத்தேன். மறுநாள் அதே சட்டியில் அவள் வெல்லமும் மாவும் பிசைந்து கச்சாயம் சுட்டாள். நோம்பிக்கு வந்த ஒறம்பரைச் சொந்தம் எல்லாம் தின்றுவிட்டு, “என்னமோ புதுசா வாசம் வருது, ஏலக்காயா அம்மணி?” என்று கேட்டார்கள்.

அது கிரீஸ்.

“இனி அந்த வண்டிக்குன்னு ஒரு ஆணி உள்ள வந்துச்சுன்னா, வண்டி வெளிய போகும். காயலாங்கடைக்கு” என்று லோகு அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

திருட்டுத்தனமாக மாட்டவும் வழி இல்லை. இந்தச் சாமானை மாட்ட வேண்டுமென்றால் கியர்பாக்ஸையே கீழே இறக்கிப் பிளக்க வேண்டும். வாசலில் கியர்பாக்ஸ் பிளந்து கிடப்பதைக் கோலம் போட வருகிறவள் பார்க்காமலா இருப்பாள்? ஆகவே நேரடியாகப் பேசிப் பார்த்தேன். ஓட்டத்துக்கு முந்தின புதன்கிழமை சாயங்காலம். எனக்கு அது விடிகாலை.

“அம்மணி, ஒரு சின்னச் சாமான்.”

“வேண்டாமுங்க.”

“என்னன்னே கேக்கலையே.”

“சரி, என்னுங்க?”

“டிஃபரன்ஷியல்.”

“இப்ப வண்டில அது இல்லீங்களா?”

“இருக்குது.”

“அப்பறம் எதுக்குங்க இன்னொண்ணு?”

“இப்ப இருக்கறது முழுசா நழுவ உட்டுருது. நான் சொல்றது கொஞ்சமாத்தான் நழுவும்.”

“நழுவவே நழுவாதது இல்லீங்களா?”

“அது வெச்சா ஸ்டியரிங்கே திரும்பாது. கொஞ்சம் நழுவுனாத்தான் வண்டி வளையும்.”

“கொஞ்சம் நழுவறது நல்லதுங்கறீங்க.”

“ரொம்ப நல்லது.”

“அதத்தானுங்க கண்ணாலம் ஆன நாள்ல இருந்து நீங்க பண்ணிட்டிருக்கறீங்க. ரேசன் கடைன்னா நழுவறது. ஒறம்பரை வந்தா நழுவறது. அதுக்குச் சாமானெல்லாம் வேண்டாமுங்க, நீங்களே போயி அந்தப் பெட்டிக்குள்ள உக்காந்துக்குங்க.”

பேச்சில் அவளை வெல்ல முடியாது. ஆனால் அவளுக்கும் மேலே ஒரு இடம் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊர் மாகாளியம்மன்.

எங்கள் பக்கத்தில் பூக் கேட்காமல் பெரிய காரியம் எதுவும் நடக்காது. பெண் எடுக்கலாமா, போர் போடலாமா, தோட்டத்தை விற்கலாமா, எல்லாம் அம்மன் சன்னதியில்தான் முடிவாகும். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வாழை இலையில் உள்ளே இருப்பது தெரியாமல் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. வந்தது வந்ததுதான். அப்பீல் கிடையாது.

“அம்மணி, நீ சொல்றதும் வேண்டாம், நான் சொல்றதும் வேண்டாம். வெள்ளிக்கெழம அம்மன்கிட்டப் பூக் கேட்டுருவோம்.”

லோகு கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“கேட்டுருவமுங்க.”

“வெள்ளை வந்தா நீ ஒண்ணும் சொல்லக் கூடாது.”

“அம்மன் சொன்னா நான் ஆருங்க மறுக்க?”

“செவப்பு வந்தா நானும் வாயத் தொறக்க மாட்டேன்.”

“நெசமாவா?” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் ஆசை தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நான் படுக்கவில்லை. குளித்தேன். பூப் பறிக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் வாசலில் நிற்பது வெள்ளை அரளி. செவ்வரளி இந்தத் தெருவில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. சசிதர் வீட்டுக் காம்பவுண்டுக்குள். ஞாயிற்றுக்கிழமை முந்தப்போகிறவனிடம் வெள்ளிக்கிழமை போய்ப் பூக் கேட்பதா? அதைவிட முக்கியம், எனக்குச் சிவப்புப் பூவே தேவைப்படவில்லை.

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டினேன்.

இதை ஏமாற்று என்று நினைக்கக் கூடாது. அம்மனுக்கு எத்தனையோ வேலை. கல்யாணம், வெள்ளாமை, மழை. நடுவில் முன்சக்கர டிஃபரன்ஷியலைப் பற்றி வேறு அவள் யோசிக்க வேண்டுமா? கொஞ்சம் சிரமத்தைக் குறைத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

கோயிலில் பூசாரி லட்சுமணசாமி தட்டில் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பிதொரையா? பகல்ல உங்களப் பாத்தே பல காலமாச்சே.”

“வேல அப்படிங்க.”

“என்ன உத்தரவு கேக்கறீங்க?”

நான் தொண்டையைச் சரி செய்துகொண்டேன். “அது வந்துங்க, ஒரு வண்டிச் சாமான்...”

“நீங்க சொல்லப்படாது. கேள்விய ஊட்டுப் பொம்பளைதான் வாய்விட்டுச் சொல்லோணும். இங்க அதான் மொற. தெரியாதுங்களா?”

தெரியாது. இத்தனை வருடத்து வெள்ளிக்கிழமைகளையும் நான் தூங்கிக் கழித்திருக்கிறேன். எனக்கு எப்படித் தெரியும்?

“சொல்லுங்க அம்மணி” என்றார் பூசாரி.

லோகு முந்தானையை இழுத்துச் சொருகினாள். கண்ணை மூடிக் கைகூப்பினாள். சன்னதி முழுக்கக் கேட்கும்படி, தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“தாயே, மாகாளி. இவரு அந்தச் சாமான வாங்கி மாட்டட்டும். அதுக்கு நான் குறுக்க நிக்கல.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“ஆனா ஞாயித்துக்கெழம வண்டிய ஓட்டறது ஆரு? அத நீதான் சொல்லோணும். வெள்ளை வந்துச்சுன்னா நான் ஓட்டறேன். அதுக்கப்பறமும் நாந்தான். செவப்பு வந்துச்சுன்னா அவரே ஓட்டிக்கட்டும். நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

குளிர்ந்த உச்சி அப்படியே உறைந்துவிட்டது. தட்டில் இருப்பது இரண்டும் வெள்ளை. அம்மனே இறங்கி வந்து எடுத்தாலும் வெள்ளைதான்.

“அம்மணி, ஒரு நிமிசம். கேள்வி மாறிப்போச்சு.”

“மாறுலீங்க. இதான் கேள்வி.”

“பூசாரியாரே, இன்னொருக்கா மொதல்ல இருந்து...”

“கேட்டது கேட்டதுதான் தம்பி. சன்னதில வெச்ச வார்த்தைய மாத்தப்படாது.” அவர் கற்பூரத்தைப் பற்றவைத்துவிட்டார்.

“அப்ப நானே எடுக்கறனுங்க!” என்று தட்டின் மேல் பாய்ந்தேன்.

ஒரு யோசனை இருந்தது. அம்மன் கழுத்தில் செவ்வரளி மாலை. அதிலிருந்து ஒரு பூ உதிர்ந்து படியோரம் கிடந்தது. பொட்டலத்தைக் கை தவறியதுபோல் கீழே போட்டு, குனிந்து, பிரிக்கிற சாக்கில் அந்தச் சிவப்பை உள்ளே தள்ளிவிட்டால்? மில்லில் ஓடுகிற மிஷினில் கையை விட்டு அறுந்த நூலைப் பிடிக்கிறவன் நான். இது என்ன பிரமாதம்? போட்டேன். குனிந்தேன். விரல் பூவைத் தொட்டது.

“ஏனுங்க” என்றாள் லோகு, என் காதுக்கு நேராகக் குனிந்து. “அம்மன் மேல இருந்து உழுந்த பூவக் காலடியில உட்டுறக் கூடாதுங்க. குடுங்க, நான் தலைல வெச்சுக்கறேன்.”

வாங்கிக்கொண்டாள். வைத்துக்கொண்டாள்.

பூசாரி கீழே கிடந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். தும்பைப் பூ மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

“உத்தரவு ஆயிருச்சு அம்மணி! மனசார ஓட்டுங்க. சரி, மத்ததையும் பிரிச்சுக் காட்டிப்போடறேன், அப்பறம் ஒரு சந்தேகம் வரக் கூடாது பாருங்க...”

“வேண்டாமுங்க!” என்று கத்தினது யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்தான். “அம்மன் சொன்னாச் சொன்னதுதானுங்க. இதுல என்னங்க சந்தேகம்? பிரிக்கவே வேண்டாமுங்க!”

“பாத்தீங்களா, எவ்வளவு பக்தி” என்றார் பூசாரி லோகுவிடம்.

“ஆமாங்க” என்றாள் அவள். இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிரிக்காமல் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது தாங்க முடியாமல் கேட்டேன். “எப்படித் தெரிஞ்சுது?”

“செவ்வரளி சசிதர் ஊட்டுலதான் இருக்குது. நீங்க எங்க போனாலும் போவீங்க, அந்த ஊட்டுப் படி ஏற மாட்டீங்க.”

தெரு திரும்பியதும் சசிதர் வீட்டுச் சுவருக்கு மேல் செவ்வரளி தெரிந்தது.

“உனக்கு எதுக்கு லோகு கார்ப் பந்தயமெல்லாம்?”

அவள் நின்றாள். “பகல் முச்சூடும் நீங்க தூங்கறீங்க. நான் டிவிய ஊமையாக்கி வெச்சுப் பாக்கறேன். குக்கர் விசிலு வரங்குள்ள ஓடிப்போயி அணைக்கறேன். காய்காரன் தெருவுல கூவுனா வாசலுக்குப் போயி வாய்மேல வெரல வெச்சு அனுப்பறேன். கொலுசக் கூடக் கழட்டி வெச்சுப்போட்டேன். இத்தன வருசமா அந்த ஊட்டுக்குள்ள பொட்டாட்ட நடக்கறனுங்க. எனக்கும் ஒரு நாளு சத்தம் போடோணும்னு இருக்காதுங்களா?”

தூங்குகிறவனுக்குத் தன் வீட்டு அமைதி யாருடைய வேலை என்று தெரிவதில்லை. அவள் காலைப் பார்த்தேன். கொலுசு இல்லை. அது இல்லாமல் போனது எப்போது என்றுகூட நான் கவனித்திருக்கவில்லை.

“அந்தச் சாமான்ல ரெண்டு இருக்குதுன்னீங்களே தூக்கத்துல” என்றாள். நான் தூக்கத்தில் பேசுவேன் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. “சத்தம் போடறது எது?”

“தட்டு.”

“அதே போடுங்க.”

இத்தனை ராத்திரிகள் நான் உடைத்துக்கொண்ட மண்டைக்கு அவளுக்கு இரண்டு வார்த்தைதான் தேவைப்பட்டது. ஆனால் என் மனசுக்குள் சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது. தட்டு ரகம் ஸ்டியரிங்கைப் பிடுங்கும் அல்லவா? அதுவும் என் எஸ்டீமில் பவர் ஸ்டியரிங் கிடையாது. எடைக்காக அதையும் கழற்றிவிட்டேன். லோகு லைசென்ஸ் வைத்திருக்கிறவள்தான், ஆனால் இது காங்கேயம் காளையைக் கொம்பில் பிடித்த மாதிரி இருக்கும். ஒரு சுற்று. அதிகம் போனால் இன்னொரு சுற்று. கை கடுத்துப்போய்த் தானாக இறங்கி, “ஏனுங்க, நீங்களே ஓட்டுங்க” என்று சாவியைக் கொடுத்துவிடுவாள். அம்மனும் கோபிக்க மாட்டாள். அவள் சொன்னது நடந்துவிட்டது அல்லவா?

சாமானைக் கடையிலிருந்து அன்றைக்கே எடுத்து வந்தேன். மில்லுக்கு லீவு போட்டேன். கியர்பாக்ஸை இறக்கிப் பிளந்து, பழைய பெட்டியை எடுத்துப் புதியதை உட்காரவைத்தேன். உள்ளே தட்டுகள் எவ்வளவு இறுக்கமாகக் கவ்வ வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். நான் மனசாட்சியோடு கலந்து பேசிவிட்டு நன்றாக இறுக்கியே வைத்தேன்.

சனிக்கிழமை சந்தில் திருப்பிப் பார்த்தபோது கடக், கடக், கடக்.

சுவர் மேல் சசிதர் தலை முளைத்தது. “ஏனுங்ணா, கியர்பாக்ஸுக்குள்ள கருங்கல்லப் போட்டு ஆட்டறீங்களா?”

“நாளைக்குத் தெரியும் தம்பி.”

“நாளைக்கு அக்கா ஓட்டறாங்களாமே? எங்கூட்டுல சொன்னாங்க. கோயில்ல உத்தரவே ஆயிருச்சாமா?”

ஊருக்கே தெரிந்துவிட்டது. இனி அம்மனே நினைத்தாலும் மாற்ற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை. லோகு சுடிதார் போட்டு, என் மில் ஷூவை மாட்டி, தலைக்கவசத்துக்குள் கொண்டையை அமுக்கிக்கொண்டு கூண்டுக்குள் ஏறினாள். நான் பெல்ட்டை இறுக்கிவிட்டேன்.

“கை வலிச்சா ஒடனே வந்துரு அம்மணி. வெக்கப்படாத.”

“செரிங்க.”

“ஸ்டியரிங்கு பிடுங்கும். பயந்துக்காத.”

“செரிங்க. சித்த அக்கட்டால நில்லுங்க.”

போய்விட்டாள். நான் என் தலைக்கவசத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு, வண்டி வந்து நிற்கும் இடத்தில் தயாராக நின்றேன். முதல் சுற்று மெதுவாக வந்தாள். கை ஆட்டினேன். நிற்கவில்லை. அடுத்த சுற்றில் கொஞ்சம் வேகம். கை ஆட்டினேன். நிற்கவில்லை. அதற்கடுத்த சுற்றில் அவளும் கையை ஆட்டினாள். கையுறைக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. கழற்றிவிட்டேன்.

பிறகுதான் அவளுக்கு முன்னால் சசிதர் வண்டி இருப்பதைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டை ஊசிக்குள் நுழைந்தன. அவன் வழக்கம்போல் அகலமாக எடுத்துப் பதவிசாகத் திரும்பினான். லோகு உள்ளே நுழைந்தாள். என் சக்கரம் ஏறுகிற அதே ஓரக்கட்டையில் அவளுடைய உள்சக்கரமும் ஏறியது. அந்தரத்தில் நின்றது. இதோ புகை என்று நினைத்தேன்.

புகை வரவில்லை.

தட்டுகள் கவ்வின. வெளிச்சக்கரம் தரையை ஒரு பிடி பிடித்தது. வண்டி மூக்கைத் திருப்பிக்கொண்டு, கயிறு கட்டி இழுத்த மாதிரி வெளியே பாய்ந்தது. சசிதரின் கதவுக்குப் பக்கத்தில் வந்தது. பானட்டுக்குப் பக்கத்தில் வந்தது. முந்திவிட்டது.

நான் குதித்தேன். என் வயசையும் முட்டி வலியையும் மறந்து குதித்தேன். “போடு அம்மணி! போடு!” என்று கத்தினேன். எத்தனையோ ராத்திரி தனியாக உட்கார்ந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்த அந்த ஒரு நொடி, இதோ பகலில், கண்ணெதிரில். என்ன, அதற்குள் நான் இல்லை. வேலிக்கு வெளியே தலைக்கவசத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

கொடி காட்டி நேரம் முடிந்ததும் லோகு வந்து இறங்கினாள். முகமெல்லாம் சிவந்து, முடியெல்லாம் கலைந்து, பதினெட்டு வயசுப் பெண் மாதிரி இருந்தாள்.

“கை வலிக்கலையா?” என்றேன், கடைசி நம்பிக்கையோடு.

“எதுக்குங்க?”

“ஸ்டியரிங்கு?”

“லேசா இருக்குதுங்களே. எங்கப்பன் ஊட்டு டிராக்டர நீங்க புடிச்சதில்ல. அமராவதிப் பாசனத்துல சேத்து வயலுக்குள்ள எறங்குனா ஒரு சக்கரம் சும்மா சுத்தும். காலுக்குக் கீழ ஒரு கட்டை இருக்கும், அத ஒரு மிதி மிதிச்சா ரெண்டும் ஒண்ணாச் சுத்தி மேல ஏறிப்போடும். அப்ப ஸ்டியரிங்கு புடுங்கும் பாருங்க, தோள்பட்டையே கழண்டுரும். பள்ளிக்கோடம் உட்டு வந்தா அதான் எனக்குச் சோலி.”

அதற்குள் சசிதர் வந்துவிட்டான். வருகிற வேகத்தைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினேன். அவன் என்னைத் தாண்டிப் போனான்.

“அக்கா, கும்பிட்டுக்கறேன். கதவுக்குப் பக்கத்துல நீங்க வந்தப்ப உசுரே போச்சுங்க்கா.”

நேரம் குறிக்கிற தாரிக் பின்னாலேயே ஓடி வந்தான். அந்த டிராக்கில் எல்லா வண்டியையும் சத்தத்தை வைத்தே சொல்லுகிற பையன் அவன். வண்டிக்கு முன்னால் குனிந்து, சக்கரத்தைத் தட்டி, அடியில் எட்டிப் பார்த்தான்.

“அக்கா, டிஃபரன்ஷியல் செட்டிங் சும்மா மெரட்டுதுங்க்கா! பெரிய கைதான் பண்ணியிருக்கோணும். எந்த ஒர்க்‌ஷாப்புங்க? ஆருங்க மெக்கானிக்கு?”

நான் ஒரு அடி முன்னால் வந்தேன். சட்டைக் காலரைச் சரி செய்தேன்.

லோகு தண்ணீர் பாட்டிலை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, அவனைப் பார்த்துச் சொன்னாள்: “ஒர்க்‌ஷாப்பெல்லாம் இல்லீங்க தம்பி, ஊட்டோடயே ஒரு ஆளு வெச்சிருக்கறேன், ராத்திரி மில்லுக்குப் போறாப்பல, பகல்ல சும்மாதான் இருக்கறாப்பல.”